பெரியதை அடித்துவிட்டுக் கணக்குப் போடு!

அடுப்பில் ஒரு சிலிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னொன்றை வாங்கி மூலையில் வைத்திருப்பார் அம்மா. எதற்கு? முதல் சிலிண்டர் திடீரென்று தீர்ந்துபோனாலும் சமையல் நிற்கக் கூடாது அல்லவா?

நாட்டை ஆளும் அரசுக்கும் இதே கவலை உண்டு. மின்சாரம், பெட்ரோல், வாயு ஆகியவை தடையின்றிக் கிடைக்க வேண்டும். இதற்கு 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று பெயர். ஒரு முடிவு எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கூடுமா, குறையுமா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

குளிரில் வந்த பாடம்

2009 ஜனவரி. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இயற்கை வாயு விஷயத்தில் பணத் தகராறு. உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற வாயு ஏறக்குறைய இரண்டு வாரம் நின்றுபோனது. கடுங்குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் திண்டாடின.

பாடம் கற்ற ஐரோப்பிய ஒன்றியம், 2010ல் தன் உறுப்பு நாடுகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தது. அது மிகவும் எளிது. நீங்களே போடலாம்!

ஒரு நாட்டுக்கு மூன்று குழாய்களில் வாயு வருகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் அவை தரக்கூடியது 50, 30, 20. மொத்தம் 100. இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடுங்குளிர் நாளில்கூட அந்த நாட்டுக்குத் தேவை 60தான். 'தாராளமாக இருக்கிறதே!' என்பீர்கள். பொறுங்கள். இப்போது பெரிய குழாயை அடித்துவிடுங்கள். மீதி 30+20=50. தேவையோ 60. அதாவது, நூற்றுக்கு 83 மார்க். இந்தத் தேர்வில் பாஸ் மார்க் 35 அல்ல, 100!

லிதுவேனியாவின் கதை

பால்டிக் கடலோரத்தில் உள்ள சிறிய நாடு லிதுவேனியா. அங்கே இக்னலினா என்ற அணுமின் நிலையம், நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தந்துவந்தது. ஆனால் அது, 1986ல் விபத்துக்குள்ளான செர்னோபில் உலையின் ரகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் அதை மூட வேண்டும் என்பது நிபந்தனை. 2009 டிசம்பர் 31ல் அதன் கடைசி உலையும் மூடப்பட்டது.

விபத்து பயம் போனது. ஆனால் வேறொரு பயம் வந்தது. மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. வாயுவின் தேவையும் கூடியது. அந்த வாயு முழுவதும் ரஷ்யாவிலிருந்தே வந்தது. அந்த ஒன்றை அடித்துவிட்டால் மீதி?

அதனால் லிதுவேனியா ஒரு கப்பலைக் கொண்டுவந்தது! இயற்கை வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, 600ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படித் திரவமாக வருவதை மீண்டும் வாயுவாக்கித் தரும் கப்பல் அது. தென் கொரியாவில் கட்டப்பட்டு, 2014 அக்டோபரில் கிளைபேடா துறைமுகத்துக்கு வந்தது. பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'!

இனி நார்வே போன்ற நாடுகளிடமும் வாயு வாங்கலாம். கப்பல் வருமுன்பே, அந்த ஆண்டு மே மாதத்தில், ரஷ்ய நிறுவனம் தன் விலையைக் குறைத்தது. போட்டிக் கடை திறக்கப்போகிறது என்றால் பழைய கடைக்காரர் விலையைக் குறைப்பார் அல்லவா?

ஆனால் கப்பலுக்கு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு மக்களின் தலையில்தான் விழுந்தது. 'இவ்வளவு செலவு தேவையா?' என்று பலர் முணுமுணுத்தனர். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் லிதுவேனியா ரஷ்ய வாயு வாங்குவதை நிறுத்தியது. அடுப்பு அணையவில்லை. கொடுத்த வாடகைக்கு அப்போது அர்த்தம் புரிந்தது.

ஒரு நல்ல முடிவுகூட வேறு பக்கம் ஓர் ஓட்டையைத் திறக்கலாம். அதை முன்கூட்டியே பார்த்து அடைக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுவதே புத்திசாலித்தனம்.

உங்களுக்கு ஒரு வேலை: உங்கள் ஊருக்குக் குடிநீர் எங்கெங்கிருந்து வருகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதில் பெரியதை அடித்துவிடுங்கள். மீதி போதுமா?