கல்வராயன்மலையில் ஒரு முப்பாட்டனைத் தேடி

போன வருஷம் கல்லூரி நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். சொந்த ஊர் கல்வராயன்மலை, வெள்ளிமலைக்குப் பக்கம். அவன் அப்பா காலங்காலமா உழுற நிலத்துக்கு வன உரிமைச் சட்டத்துல மனு போடணுமாம். "வம்சாவளி ஒண்ணு எழுதி வச்சா நல்லதுன்னு சொல்றாங்க. நீதான் பழைய கெஜட்டியர் எல்லாம் படிக்கிறவனாச்சே, எங்க முப்பாட்டன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுடா" என்றான்.

கூகுளில் 'மலையாளி வரலாறு' என்று தட்டினேன். கேரளா வந்து நின்றது! இங்கே மலையாளி என்றால் மலைவாழ் மக்கள். பேசுவது தமிழ், பெயருக்குப் பின்னால் கவுண்டர். பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள்.

அடுத்து எட்கர் தர்ஸ்டன். 1909-ல் வந்த ஏழு தொகுதிகளில் நான்காவதில் இவர்களைப் பற்றி விரிவாகவே இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூன்று பேர், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள். ஒரு கதையில் பெரியண்ணன் வந்தது கல்வராயனுக்கு, கரியராமன் சாமியைப் பின்தொடர்ந்து. இன்னொரு கதையில் மூத்தவர் போனது சேர்வராயனுக்கு. தம்பிகள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும். ஒரே புத்தகத்தில் இரண்டு பாதை. அந்தந்த மலைக்காரங்க மூத்தவரைத் தங்கள் மலையில் குடியேற்றிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மூத்தவர் வழி என்றால் மரியாதை கூடுதல்தானே.

என்னை உலுக்கியது வேறொரு வரி. 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெஜட்டியரில் இருக்கிறது. மலையில் முன்னால் இருந்தவர்கள் வேடர்கள். வந்தவர்கள் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வேடக் கணவன் செத்ததற்கு அடையாளமாகக் கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடுவார்கள். இதை மலைக்காரர்களே சொன்னதாகப் பதிந்திருக்கிறார். நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எங்க பாட்டன் வழி ஒண்ணு, பாட்டி வழி வேற ஒண்ணா?" என்றான். கதை உண்மையா என்பது வேறு விஷயம். ஆனால் 'நாங்க வந்தேறினவங்க, எங்களுக்கு முன்னாடி ஆள் இருந்தாங்க' என்று கல்யாணந்தோறும் வெடி வைத்து ஒத்துக்கொள்கிற சமூகம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

பெரியண்ணனிலிருந்து நண்பன் வரை கோடு போட முடியுமா? முடியாது. இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் அமெரிக்க ஆபீஸ்காரர் ஒருவர். அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மானியர். 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. அவ்வளவு இருந்தும் தடுமாற்றம்தான். ஷ்மிட் என்பவர் ஸ்மித் ஆகிவிடுவார், சிம்மர்மன் கார்பென்டர் ஆவார், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அவர் சொன்ன விதி: "கப்பலிலிருந்து கீழே வராதே. உன்னிடமிருந்து மேலே போ, தலைமுறைக்கு ஒரு ஆதாரம்." டீபக்கிங் மாதிரிதான். நமக்கு இங்கே கப்பல் என்பது காஞ்சிபுரம்.

சரி, கீழேயிருந்து போவோம் என்றால் காகிதம் எங்கே? கல்வராயன்மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. அரசு எடுத்துக்கொண்டது 1976-ல். அதற்கு முன்னால் கீழ்நாட்டில் இருக்கிற மாதிரி சர்க்கார் பட்டா, சிட்டாவை இங்கே எதிர்பார்க்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது. அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துப் பெயரோடு வெளியிடுவார்கள். இங்கே தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது என்று 1948 சட்டமே சொல்கிறது. மாவட்டம் வேறு மாறிக்கொண்டே இருந்தது. தென்னாற்காடு, 1993-ல் விழுப்புரம், 2019-ல் கள்ளக்குறிச்சி. மலையின் மறுபாதி சேலத்தில்.

அப்புறம்தான் சட்டத்தையே ஒழுங்காகப் படித்தேன். (முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.) நண்பன் வீட்டில் 75 வருஷத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அது பழங்குடி அல்லாதவர்களுக்கு. பழங்குடியினருக்கு 13.12.2005-க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்தால் போதும். எதெல்லாம் ஆதாரம் என்று 2008 விதிகளில் 13-வது விதி சொல்கிறது. கெஜட்டியர் உண்டு, வீடு உண்டு, கிணறு, இடுகாடு, சாமி இடம் உண்டு, பழைய ஆவணத்தில் உள்ளவரோடோ ஊரில் முன்பே இருந்தவர் என்று ஏற்கப்பட்டவரோடோ இணைக்கும் வம்சாவளி உண்டு, மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் உண்டு. இவற்றில் ஒன்றுக்கு மேல் வேண்டும். தாத்தா பாட்டி சொல்வதைச் சட்டமே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது!

மலையேறினோம். இரண்டு நாள், வேறு வேறு வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர். தனித்தனியாகக் கேட்டோம், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லவில்லை. நண்பன், அப்பா, தாத்தா, பூட்டன் வரை மூவரும் ஒரே பெயர்களைச் சொன்னார்கள். பூட்டனைப் புதைத்த இடத்தையும் காட்டினார்கள். அதற்கு மேல் ஒருவர் சொன்ன பெயர் தாத்தாவின் பெயரேதான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் அது தனி ஆளா, குழப்பமா என்று பிரிக்க முடியவில்லை. அங்கே புள்ளிக்கோடு போட்டேன். பெரியண்ணன் வரைபடத்துக்குள் வரவே இல்லை.

வரைபடத்தைப் பார்த்த நண்பனின் அம்மா கேட்டார்: "ஆம்பளைங்க பேரு மட்டும் இருக்கு, பொம்பளைங்க எங்கே?" நாங்கள் கேட்கவே இல்லை. பூட்டியின் பெயர் தெரிந்த அத்தை ஒருத்தர் இன்னாட்டில் இருக்கிறாராம். பொங்கலுக்கு அப்புறம் போகிறோம்.