கணினி காட்டும் பூச்சியம் எல்லாம் பூச்சியம் அல்ல

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வு, ஆசிரியர்களின் செயல்நிலை ஆய்வு, பட்டப்பின் படிப்பு என்று எமது சமூகத்தில் புள்ளிவிபரவியலைக் கையாள்பவர்கள் இன்று பலர். எக்செல், எஸ்பிஎஸ்எஸ், ஆர் போன்ற மென்பொருள்களில் தரவுகளை இடுகிறோம், விடை வருகிறது, அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுகிறோம். அந்த விடை 0 என்று வந்தால் என்ன செய்வது? நடக்கவே முடியாத நிகழ்ச்சியின் நிகழ்தகவு 0 என்று வகுப்பில் கற்பிக்கிறோம். கணினியும் அதைத்தான் சொல்கிறதா? பெரும்பாலான வேளைகளில் இல்லை.

உயர்தர மாணவர்களின் கல்குலேட்டரை எடுத்துக்கொள்வோம். பலரிடமுள்ள சாதாரண விஞ்ஞானக் கல்குலேட்டரில் 69!ஐக் கேட்டால் விடை வரும். 70!ஐக் கேட்டால் பிழை என்று காட்டும். 70! என்பது 10¹⁰⁰ஐத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு பெரிய எண்ணுக்கு அந்தக் கருவியில் இடமில்லை. கணிதத்தில் 70!க்கு ஒரு குறையும் இல்லை. குறை கருவியின் கொள்ளளவில்தான்.

கணினிக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. பெரும்பாலான புள்ளிவிபர மென்பொருள்கள் ஓர் எண்ணை 64 பிட்டுகளில் சேமிக்கின்றன. இம்முறையில் ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸ வரையான எண்களையே வைத்திருக்கலாம். மறுபுறம், பூச்சியத்துக்கு மேலே வைத்திருக்கக்கூடிய மிகச் சிறிய எண் ஏறத்தாழ 4.9 × 10⁻³²⁴ ஆகும். அதைவிட மிகச் சிறிய எண் வந்தால் கணினி எச்சரிக்கை எதுவும் தராமல் 0 என்று எழுதிவிடும். பெரிய எண்ணில் நேரும் தவறு பிழைச் செய்தியாக வெளியே தெரிகிறது. சிறிய எண்ணில் நேரும் தவறு நல்ல விடைபோலத் தோன்றுகிறது. ஆபத்து இங்குதான் இருக்கிறது.

ஓர் உதாரணம். 250 மாணவர்களின் கணிதப் புள்ளிகள் இடை 50, நியம விலகல் 15 கொண்ட செவ்வன் பரம்பலில் அமைகின்றனவா, அல்லது இடை 20 கொண்ட பரம்பலில் அமைகின்றனவா என்று ஒப்பிட விரும்புகிறோம். ஒவ்வொரு மாணவரின் புள்ளிக்கும் நிகழ்தகவு அடர்த்தியைக் கண்டு, அவை எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். இந்தப் பரம்பலில் அடர்த்தியின் உச்சப் பெறுமானமே 0.0266தான். 250 மாணவர்களும் சரியாக 50 புள்ளிகள் பெற்றிருந்தாலும், 0.0266ஐ 250 தடவை பெருக்கக் கணினி 0 என்கிறது. இடை 20 என்று வைத்துப் பெருக்கினாலும் 0. எது பொருத்தமான பரம்பல் என்பது கண்ணுக்கே தெரிகிறது. கணினிக்கோ இரண்டும் ஒன்றுதான். ஒன்றை மற்றதால் வகுத்து ஒப்பிட முயன்றால் 0ஐ 0ஆல் வகுக்க வேண்டிவரும். கணக்கு அத்தோடு நின்றுவிடும்.

இதற்கான தீர்வு எமது பாடசாலைப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அது மடக்கை. ஜோன் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக மாற்றத்தான். அடர்த்திகளைப் பெருக்குவதற்குப் பதிலாக அவற்றின் இயற்கை மடக்கைகளைக் கூட்டினால், மேலே சொன்ன உதாரணத்தில் இடை 50க்கு ஏறத்தாழ −907உம் இடை 20க்கு ஏறத்தாழ −1407உம் கிடைக்கும். இரண்டும் கணினிக்கு மிகச் சாதாரணமான எண்கள். முதலாவதே பெரியது, ஆகவே இடை 50 என்பதே பொருத்தம். ஆர் மென்பொருளில் அடர்த்தியை நேரடியாக மடக்கையாகவே பெறும் வசதி உண்டு. நியமச் செவ்வன் பரம்பலில் 40 என்ற புள்ளியின் அடர்த்தியைக் கேட்டால் 0 என்று வரும். மடக்கையாகக் கேட்டால் −800.92 என்று வரும். ஆனால் முதலில் அடர்த்தியைக் கண்டு பின்னர் மடக்கை எடுப்பதால் பயனில்லை. 0 ஆகிப்போனதன் மடக்கையிலிருந்து எதையும் மீட்க முடியாது.

இன்னொரு பூச்சியம் கழித்தலில் பிறக்கிறது. நியமச் செவ்வன் பரம்பலில் 9க்கு மேற்பட்ட பகுதியின் நிகழ்தகவு ஏறத்தாழ 1.13 × 10⁻¹⁹ ஆகும். 9 வரையான நிகழ்தகவைக் கண்டு அதை 1இலிருந்து கழித்தால் கணினி 0 என்று காட்டும். கணினி ஓர் எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களையே காக்கிறது. 1க்கு அவ்வளவு அருகிலுள்ள எண் 1 என்றே பதிவாகிவிடுகிறது. பரம்பல் சமச்சீரானது என்பதால் −9 வரையான நிகழ்தகவைக் கேட்டால் சரியான விடை வரும். கணக்கு ஒன்றுதான், கேட்கும் விதமே வேறு.

மூன்றாவது பூச்சியம்தான் ஆய்வறிக்கைகளில் நாம் அதிகம் காண்பது. எஸ்பிஎஸ்எஸ் அட்டவணையில் .000 என்று இருப்பதைப் பார்த்து, ‘பி = 0.000’ என்று பலர் எழுதுகின்றனர். மென்பொருள் மூன்று தசமதானங்களுக்கு மட்டந்தட்டிக் காட்டியதே அது. 0.001இலும் குறைவு என்று எழுதுவதே சரி. 0 என்று எழுதினால், தற்செயலாக இப்படி நிகழ வாய்ப்பே இல்லை என்று நிரூபித்துவிட்டதாகப் பொருள்படும். எந்தப் புள்ளிவிபரச் சோதனையும் அப்படி நிரூபிப்பதில்லை.

அரபியில் பூச்சியத்தை ஸிஃப்ர் என்கிறோம். வெறுமை என்பது அதன் பொருள். கணிப்பு நெறிமுறையைக் குறிக்கும் ‘அல்கோரிதம்’ என்ற சொல்லும் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே வந்தது. அந்தப் பெருமையை மேடைகளில் பேசும் நாம், எண்ணைக் கையாளும் ஒழுக்கத்தையும் பேண வேண்டும். ஆய்வில் ஓர் எண்ணை எழுதுவது அமானிதம். எனவே ஆய்வு செய்யும் மாணவர்களும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களும் 0 என்ற விடையைக் கண்டால் ஒரு கணம் நிற்க வேண்டும். இது உண்மையிலேயே நடக்க முடியாததா, கணினியில் இடம் போதாமல் மறைந்ததா, கழித்தலில் தொலைந்ததா, மட்டந்தட்டலில் மறைந்ததா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை காணாமல் அந்தப் பூச்சியத்தை அறிக்கையில் எழுதக் கூடாது.