தொலைவிலுள்ள குளியலறைக்குச் சுடுநீர் தாமதமாக வருவது ஏன்?

நியூ சவுத் வேல்ஸின் பழைய வீடுகள் பலவற்றில் சுடுநீர்க் கலன் சமையலறைக்கோ சலவை அறைக்கோ அருகில், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும். பின்னாளில் சேர்த்துக் கட்டப்பட்ட படுக்கையறையும் அதன் குளியலறையும் வீட்டின் மறுகோடியில் இருக்கும். குளிர்காலக் காலையில் அங்கே சுடுநீருக்காகக் காத்து நிற்பவர்கள் பெரும்பாலும் கலனையே குறை கூறுகிறார்கள். சிலர் அதன் வெப்பநிலையைக் கூட்டியும் விடுகிறார்கள். இதனால் காத்திருப்பு குறையாது. வந்துசேரும் நீர் தோலைச் சுட்டுவிடும் ஆபத்தே மிகும்.

60 பாகை செல்சியஸ் நீர் ஒரே நொடியில் ஆழமான தீக்காயத்தை உண்டாக்கும். 50 பாகையில் அதற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். இதனால்தான் புதிய நிறுவல்களில், வீட்டுக் குளியலறைக்குச் செல்லும் நீர் 50 பாகையைத் தாண்டாதவாறு கட்டுப்படுத்தும் வால்வு பொருத்தப்படுகிறது. பழைய வீடுகளில் அது இல்லாதிருக்கலாம். சிறு பிள்ளைகளோ முதியோரோ உள்ள வீட்டில் முதலில் கேட்டறிய வேண்டியது இதுவே. செலவைக் குறைக்க எண்ணிக் கலனின் வெப்பநிலையை 60 பாகைக்குக் கீழே இறக்குவதும் தவறு. லெஜியோனெல்லா எனும் நோய்க்கிருமி இளஞ்சூட்டு நீரில் பெருகும்.

தாமதத்துக்குக் காரணம் இடையிலுள்ள குழாய்வழியே. 20 மி.மீ. செம்புக் குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.23 லிட்டர் நீர் நிற்கும். கலனிலிருந்து குளியலறை வரை 15 மீட்டர் என்றால், இரவு முழுவதும் ஆறிக்கிடந்த சுமார் 3.4 லிட்டர் நீர் வெளியேறிய பின்னரே சுடுநீர் வரும். நிமிடத்துக்கு 9 லிட்டர் தரும் ஷவரில் இதற்கு 23 நொடியும், 4.5 லிட்டர் தரும் கைகழுவும் பேசினில் 45 நொடியும் ஆகும். குழாயின் உலோகமும் சூடேற வேண்டியிருப்பதால் நடைமுறையில் இன்னும் சற்று நேரம் கூடும். நான்கு பேர் நாளுக்கு இருமுறை இவ்வாறு நீரை ஓடவிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் வீணாகும். ஒரு வாளியை வைத்துப் பிடித்தால் அது தோட்டத்துக்கு உதவும்.

செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. ஒருவர் குளித்தவுடன் அடுத்தவர் குளித்தால் குழாய் ஆறுவதற்கு இடமில்லை. ஒற்றைக் கைப்பிடிக் குழாயைச் சில நொடிகள் கைகழுவுவதற்காக நடுவில் வைத்துத் திறப்பது நல்ல பழக்கமன்று: கைக்குத் தண்ணீரே கிடைக்கும், ஆனால் சூடாக்கிய நீர் குழாய்க்குள் நுழைந்து அங்கேயே ஆறிப்போகும். வெளியே தெரியும் குழாய்களுக்கு நுரை உறை சுற்றுவதும் மலிவானது. காலையின் முதல் காத்திருப்பை அது குறைக்காது. இரண்டு பயன்பாடுகளுக்கு இடையே சூட்டைக் காக்கும்.

நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் காத்திருப்பை வெகுவாகக் குறைக்கும். ஆயினும் அது இரவும் பகலும் ஓடினால் குழாய் முழுவதும் ஓயாது சூட்டை இழக்கும். மின்சார அல்லது எரிவாயுக் கட்டணம் உயரும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் இயங்கும் வகையே சிக்கனமானது. உடனடியாகச் சூடாக்கும் எரிவாயுச் சாதனங்கள் எல்லாவற்றுடனும் பம்ப் பொருந்துவதில்லை. பேசின் ஒன்றுக்கு மட்டும் சுடுநீர் வேண்டுமெனில் அதன் கீழே சிறிய மின்சூடாக்கி போதும். கலன் பழுதடைந்து மாற்ற நேரும்போது, பழைய இடத்திலேயே புதியதை வைத்துவிடாமல் குளியலறைக்கு அருகே நகர்த்த முடியுமா என்று கேட்பது எல்லாவற்றிலும் மேலானது. அவ்வேளையில் 15 மி.மீ. குழாயைத் தனியாகக் கொண்டுசெல்ல முடிந்தால், அதே 15 மீட்டரில் சுமார் 1.4 லிட்டர் நீரே நிற்கும்.

இவ்வேலைகளை உரிமம் பெற்ற பிளம்பரும் எலெக்ட்ரீசியனும் மட்டுமே செய்யலாம். பிளம்பரின் உரிம எண்ணை மாநில அரசின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளரின் அனுமதியின்றிக் குழாய்வழியில் மாற்றம் செய்யக்கூடாது. சுடுநீர் தாமதமாக வருவது அவசரப் பழுதாகக் கொள்ளப்படுவதில்லை. சுடுநீர் அறவே வராமற்போனால் அது அவசரப் பழுது, உடனே அறிவிக்க வேண்டும். அரசு அலுவலகங்களோடு தமிழில் பேச உரைபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் 131 450 என்ற எண்ணை அழைக்கலாம்.