மடை திறக்கும் நாள்: ஊருக்கு ஊர் மரபு வேறு, தேவை ஒன்றே

நெல் எங்கு விளைந்தாலும் அதற்கு வேண்டியது நீரும் வெயிலும் உரமும்தான். ஆனால் அந்த நீரை யார் முதலில் எடுப்பது, எந்த நாளில் மடை திறப்பது, பற்றாக்குறை வந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்பவற்றை முடிவு செய்யும் முறை நாட்டுக்கு நாடு, ஏன், ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. இந்தப் பழக்கவழக்கங்களை அறியாமல் சொல்லப்படும் வேளாண் பரிந்துரை எவ்வளவு சிறந்ததானாலும் வயலில் தோற்றுவிடக் கூடும். இதை நான் முதலில் கற்றது நூலகத்தில் அன்று, ஓர் ஏரிக்கரையில்.

பணியில் சேர்ந்த புதிதில் சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்ப் பாசன ஊருக்குச் சென்றிருந்தேன். குறுகிய கால நெல் இரகத்தை முன்கூட்டியே நட்டால் கடைசி நேர வறட்சியிலிருந்து தப்பலாம் என்பது என் பரிந்துரை. ஊர் அம்பலகாரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், மடை திறக்கிறது ஊர் வேலை. ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிக்காமத் தண்ணி போகாது. நட்டா எல்லாரும் சேர்ந்துதான் நடுவோம்" என்றார். இதைப் பழமைப்பிடிப்பு என்று எண்ணிக்கொண்டேன். கிணறு வைத்திருந்த இரண்டு விவசாயிகளை மட்டும் இணங்க வைத்து, மூன்று வாரம் முன்னதாக நடச் செய்தேன்.

பயிர் நன்றாகவே வந்தது. பால் பிடிக்கும் தருணத்தில் சுற்றுவட்டாரத்தில் கதிர் இருந்தது அந்த இரண்டு வயல்களில் மட்டுமே. ஊரில் உள்ள எலியும் குருவியும் அங்கேயே கூடின. பாதி விளைச்சல்கூடக் களத்துக்கு வரவில்லை. அந்த ஊர் நீர்க்கட்டி என்னிடம், "ஐயா, ஊரே பச்சையா நின்னா ஆளுக்குக் கொஞ்சம் போகும். ஒத்தை வயலு நின்னா அத்தனையும் அங்கதான் போகும்" என்றார். நட்டப்பட்ட இருவரும் என்னைக் குறை கூறவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

இதே தவறு ஒரு நாடு முழுவதற்குமாக நடந்ததுண்டு. இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெற்பாசனத்தை நடத்துபவை 'சுபக்' எனப்படும் உழவர் சங்கங்கள். ஒரே வாய்க்காலில் நீர் பெறும் உழவர்கள் அனைவரும் ஒரு சுபக்கின் உறுப்பினர்கள். ஒவ்வொரு சுபக்குக்கும் நீர்க்கோயில் உண்டு. நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்குப் படையலிட்டு, எந்தச் சுபக் எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை இக்கோயில்களின் வழியாகவே தீர்மானிப்பர். இம்முறை 9ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கி வருவதாகக் கருதப்படுகிறது.

1970களில் அங்கே உயர் விளைச்சல் இரகங்களும் இரசாயன உரமும் புகுந்தன. அறுவடை முடிந்தவுடன் அடுத்த நடவைத் தொடங்குமாறு உழவர்கள் வற்புறுத்தப்பட்டனர். கோயில் நாட்காட்டி வெறும் சடங்காகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. விளைவு என்ன? ஆண்டு முழுவதும் எங்காவது ஓரிடத்தில் நெல் பச்சையாக நின்றதால், புகையானுக்கு உணவு அற்றுப்போகும் காலமே இல்லாமல் போயிற்று. எதிர்ப்புத்திறன் கொண்ட இரகங்களையும் அப்பூச்சி சில பருவங்களிலேயே வென்றுவிட்டது. நீர்முறையும் குழம்பியது.

அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமர் ஆகியோர் இரண்டு ஆறுகளைச் சார்ந்த 172 சுபக்குகளைக் கணிப்பொறியில் மாதிரி அமைத்து ஆராய்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் தனித்தனியே நட்டால் பூச்சி பெருகுகிறது. எல்லோரும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. கோயில்கள் வகுத்த அளவில் சில சுபக்குகள் ஒன்றுகூடி நடும்போதுதான் விளைச்சல் உச்சத்தை எட்டுகிறது. தலைமடைக்காரர் கடைமடைக்கு நீர் விடுவதன் காரணமும் இதில் தெளிவாகும். கீழே உள்ளவன் காலந்தவறி நட்டால், அங்கே வளரும் பூச்சி மேலே ஏறிவரும். 2012இல் இச்சுபக் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கோயில் இல்லாமலும் இவ்வேலையை நடத்துகிற சமூகங்கள் உண்டு. பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் 'சஞ்சேரா' என்னும் பாசன சங்கங்கள் உள்ளன. அங்கே பல சங்கங்களில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தலைமடையில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, கடைமடையில் ஒரு துண்டு என நிலம் பிரிக்கப்பட்டிருக்கும். நீர் கடைசி வரை போகாவிட்டால் எல்லோருக்கும் நட்டம். சங்க நிர்வாகிகளுக்குக் கூடுதலாகத் தரப்படும் நிலமும் கடைமடையிலேயே இருக்கும்!

ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில், தேவாலய வாசலில் நீர் நீதிமன்றம் கூடுகிறது. நீதிபதிகள் உழவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உழவர்களே. வழக்கறிஞர் கிடையாது. விசாரணை வாய்மொழியாகவே நடந்து அங்கேயே தீர்ப்பும் சொல்லப்படும். இலங்கையின் குளப்பாசன ஊர்களில், குளம் நிறையாத ஆண்டில் மடைக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் எல்லோரும் பங்கிட்டுப் பயிரிடும் 'பெத்ம' என்ற வழக்கம் உண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரி வரத்துக்கால்களை ஊரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்தும், மடையைக் காக்கும் நீர்க்கட்டியும் நம் மரபு. பல ஊர்களில் நீர்க்கட்டி நிலமற்றவர். தமக்கென வயல் இல்லாததால் பாரபட்சம் இன்றி நீர் பாய்ச்சுவார் என்பது அதன் உட்பொருள். களத்தில் நெல்லாகவே கூலி பெறுவார்.

ஆனால் மரபு என்பதாலேயே அனைத்தும் நல்லதாகிவிடாது. பல இடங்களில் நீர்க்கட்டி வேலை தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் மேல் சுமத்தப்பட்டது. எல்லோருக்கும் நீர் பாய்ச்சியவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச இடமில்லை. நடவு நட்ட பெண்களுக்கும் இடமில்லை. கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களும் பெருகிய பின் பல ஊர்களில் கூட்டமே கூடுவதில்லை. பயனுள்ளதைக் காத்து, அநீதியைக் களைவதே அறிவுடைமை.

உழவர் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஒரே மடையில் பாசனம் பெறுவோர் கூடிப் பேசி, கூடியவரை இரண்டு, மூன்று வார இடைவெளிக்குள் நடவை முடிக்கவும்.

2. அறுவடைக்குப் பின் வயல்களை ஒரே சமயத்தில் தரிசாக விடவும். அக்காலத்தில் வாத்து மேய்ப்பது சிந்திய நெல்லையும் பூச்சிகளையும் குறைக்கும்.

3. புகையான் வரும் பகுதிகளில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடவும். தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடவும். தாக்குதல் கண்டால் நீரை வடிக்கவும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால் புகையான் மேலும் பெருகும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும்.

4. கூட்டத்தில் நீர்க்கட்டியையும் பெண்களையும் குத்தகைதாரரையும் அமர வைத்துக் கருத்துக் கேட்கவும்.

என் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு சொல். ஊருக்குள் நுழைந்ததும் இரகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். இந்த ஊரில் மடை திறக்கும் நாளை யார் குறிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டு உழவர்களின் நெல்லை எலிக்குக் கொடுத்த பிறகுதான் நான் அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.