மரப்பாதையும் மனிதப் புலன்களும்

மனிதப் புலன்கள் வரலாற்றினால் உருவாக்கப்படுபவை என்பதை மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் விளக்கினார். இந்நோக்கில், ஜேர்மனியின் பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவில் 2009இல் திறக்கப்பட்ட மரப்பாதையை நாம் ஆராயலாம்.

1,300 மீற்றர் நீளமான இப்பாதை, முதிர்ந்த மரங்களைச் சூழ்ந்து நிற்கும் 44 மீற்றர் உயரக் கோபுரத்தினுள் சுருளாக ஏறுகின்றது. சாய்வு 6 சதவீதத்துக்கு உட்பட்டதாதலால், சக்கர நாற்காலியில் வருபவரும் ஏனையோருடன் ஒரே வழியில் மரமுடிகளை நெருங்குகின்றார். அங்கு பார்வை மாத்திரம் ஆட்சி செலுத்துவதில்லை. பலகையின் மணமும் கைபிடியின் தொடுகையும் இலைகளின் ஒலியும் அனுபவமாகின்றன. பார்வையற்றோருக்கும் காடு இவ்வாறே திறக்கின்றது.

எனினும், நுழைவுக் கட்டணம் உண்டு. உடல்சார் தடையைச் சாய்வு தளர்த்தலாம். வர்க்கத் தடையைத் தகர்ப்பது சமுதாயத்தின் பணியேயாகும்.