தொப்புள்கொடிக் குருதிக்கும் ஒரு வங்கி

மகப்பேற்றுக்கு முந்தைய பரிசோதனைக்குச் செல்லும் தம்பதியரின் கையில் இன்று பல நகரங்களில் வண்ணத் துண்டறிக்கை ஒன்று தரப்படுகிறது. பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியைச் சேமித்தால் அது வாழ்நாள் காப்பீடு போன்றது என்று சொல்லப்படுகிறது. மாதத் தவணை வசதியும் உண்டு. ‘வங்கி’ என்பது நம்பிக்கை தரும் சொல். அச்சொல்லை நம்பிப் பணம் போட்டுப் பழகிய நாம், இங்கே சற்று நிதானிப்பது நல்லது.

கொடியை வெட்டியபின் நஞ்சுக்கொடியில் எஞ்சும் குருதியில், இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் நிறைந்துள்ளன. தாய்க்கும் சேய்க்கும் வலியின்றி அதைச் சேகரித்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் பல்லாண்டுகள் காக்கலாம். 1988-இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் மருத்துவர் எலியான் குளுக்மான் குழுவினர், ஃபான்கோனி இரத்தசோகையுற்ற சிறுவன் ஒருவனுக்கு இக்குருதியைச் செலுத்தி வெற்றி கண்டனர். அது அவனுடைய குருதியன்று. பின்னர் பிறந்த தங்கையினுடையது. விளம்பரங்கள் அழுத்திச் சொல்லாத செய்தி இதுதான்.

தலசீமியா போன்ற மரபுவழி நோயோடு பிறக்கும் குழந்தையின் கொடிக் குருதியிலும் அதே குறை இருக்கும். ஆகவே அது அக்குழந்தைக்கே உதவாது. சேகரிக்கும் அளவு வளர்ந்தவர்களுக்குப் போதாமற் போவதும் உண்டு. எதிர்காலச் சுயபயனுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதல்களில் தெரிவித்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் 2018-இல் ஏறத்தாழ இதையே கூறியது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இத்தகைய நோய் இருப்பின் நிலைமை வேறு. அங்கே தம்பி தங்கையின் குருதி உயிர் காக்கக்கூடும். அத்தகையோர் தயங்காமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

மற்றவர்கள் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் உள்ளதா? இதுவரை எத்தனை சேமிப்புகள் சிகிச்சைக்கு வழங்கப்பட்டன? நிறுவனம் மூடப்பட்டால் குருதியின் கதி என்ன? 2022 ஜூலை 18 முதல் இச்சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கும் இல்லை என்பதால், சொல்லப்படும் கட்டணம் வரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

சேமிப்பதென்றே முடிவு செய்தாலும், அதற்காகக் கொடியை அவசரமாக வெட்ட வேண்டாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடமேனும் பொறுத்துக் கொடியை இறுக்குவதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த நேரத்தில் குழந்தையின் உடலுக்குள் செல்லும் குருதி, பின்வரும் மாதங்களுக்கான இரும்புச்சத்தைச் சேர்க்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை.