உரம் சொல்ல ஆள் உண்டு, கணக்குப் பார்க்க?

இலை மஞ்சளானால் யாரைக் கேட்பது என்று உங்களுக்குத் தெரியும். உரக்கடைக்காரர் இருக்கிறார், உதவி வேளாண்மை அலுவலர் இருக்கிறார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருக்கிறார். 'டிராக்டர் வாங்கலாமா, இன்னும் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடிக்கலாமா' என்று கேட்க யார் இருக்கிறார்? பெரும்பாலும் டீக்கடையிலோ, விற்க வந்தவரிடமோதான் பதில் கிடைக்கிறது. இதற்கெல்லாம் உங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுதான் பண்ணை மேலாண்மை ஆலோசகரின் வேலை.

டிராக்டரையே எடுத்துக்கொள்வோம். விலை 8 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். 10 ஆண்டு ஓட்டி 2 லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் ஆண்டுக்கு 60 ஆயிரம். போட்ட பணத்துக்கு வட்டி சராசரியாக 50 ஆயிரம். காப்பீடு, கொட்டகைக்கு 10 ஆயிரம். ஆக, வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் செலவு. வாடகை டிராக்டருக்கு மணிக்கு 1,200 ரூபாய்; சொந்த வண்டிக்கு டீசல், ஓட்டுநர் கூலி, பழுதுச் செலவு 700 ரூபாய் என்றால், மணிக்கு மிச்சம் 500. அசலை ஈடுகட்டவே ஆண்டுக்கு 240 மணி நேரம் ஓட வேண்டும். உங்களிடம் இருப்பது 6 ஏக்கர். இரண்டு போகத்துக்கும் சேர்த்து ஏக்கருக்கு 7 மணி நேரம் என்றாலும் 42 மணிதான். மீதி ஏறத்தாழ 200 மணி ஊராருக்கு உழுதாக வேண்டும். அவர்களோ எல்லாரும் ஒரே பதினைந்து நாளில் கூப்பிடுவார்கள், பணத்தை அறுவடைக்குப் பிறகு தருவார்கள். வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது.

உங்கள் ஊர் வாடகையும் வட்டியும் வேறாக இருக்கலாம். எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர் கிடைக்கும் இடத்தில், வாங்குவதற்கான காரணம் இன்னும் குறையும்.

அடுத்தது வீட்டாரின் உழைப்பு. நெல்லுக்கு ஏக்கருக்குக் கைக்காசு 31 ஆயிரம் போட்டு 50 ஆயிரத்துக்கு விற்றால், 19 ஆயிரம் லாபம் என்கிறோம். வீட்டார் வயலில் உழைத்த 25 ஆள் நாளுக்கு 500 ரூபாய் வீதம் 12,500 கழித்தால் நிற்பது 6,500. சொந்த நிலத்துக்கு 10 ஆயிரம் குத்தகை மதிப்பு வைத்தால் 3,500 நட்டம். வேளாண் செலவு மற்றும் விலைகளுக்கான ஆணையமும் இப்படித்தான் ஏ2, ஏ2+எஃப்எல், சி2 என்று மூன்று கணக்குப் பார்க்கிறது. ஆதரவு விலை ஒன்றரை மடங்கு என்று அரசு சொல்வது நடுவில் உள்ள கணக்கின் மேல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு அதில் சேராது.

நட்டம் என்றதும் 'நெல்லை விட்டுவிடுங்கள்' என்பவர் நல்ல ஆலோசகர் அல்லர். அந்த 25 நாளும் வெளியில் வேலை கிடைக்குமா? நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க ஆள் உண்டா? இரண்டும் இல்லையென்றால், 19 ஆயிரமும் வீட்டுக்கு வருகிற பணம்தான். ஒரே வரப்பின் இரு பக்கத்து விவசாயிகளுக்கு இரு வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேளாண் பட்டதாரிகள் ஆலோசனை மையம் தொடங்கப் பயிற்சியும் கடனும் தரும் மத்திய அரசுத் திட்டம் 2002 முதல் உள்ளது. ஆனால், வெறும் ஆலோசனைக்குக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் அத்தகைய மையம் மருந்துக்கடையாக மாறிவிடுவது சுலபம். விற்பவரே ஆலோசகராகவும் இருந்தால், 'இந்த முறை ஒன்றும் அடிக்க வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு மனம் வருவது கடினம்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களும் களப்பணியாளர்களும் முதல் சந்திப்பிலேயே மகசூலைக் கேட்க வேண்டாம். கடன் எவ்வளவு, தவணை எந்த மாதம், வீட்டில் வேலைக்கு எத்தனை பேர், தண்ணீர் எந்த மாதம் வரை என்று கேளுங்கள். வீட்டு அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நகை எப்போது அடகுக்குப் போனது என்பது பல வீடுகளில் அவருக்குத்தான் தேதியோடு தெரியும்.